எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு: எலி மருந்தும் பசை அட்டையும் வேண்டாம்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

புதன்கிழமை சாயங்காலம் நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பை என்னால் ஏற்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனி ஆட்கள் வந்து சாக்கடை ஓரம், காம்பவுண்டு ஓரம் எல்லாம் எலி மருந்து கேக் வைப்பார்கள், வீட்டுக்கு 2 பசை அட்டை தருவார்கள், அதற்கு வீட்டுக்கு 350 ரூபாய் கட்ட வேண்டும், இதோடு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் காய்கறி போட்டிருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் செடிகொடியை எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எலி பெருகுவதற்குத் தோட்டங்கள்தான் காரணம் என்று ஒரு வரி வேறு. பொதுக்குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டம் வைத்திருக்கும் எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. குழுவில் நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

எலித்தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, இந்த மாசியில் அதிகமாகவே இருக்கிறது. என் வீட்டுச் சக்கரைவள்ளிப் பாத்தியைப் பெருக்கான் (பெருச்சாளி) குடைந்து மண்ணை வெளியே தள்ளியிருந்தது. தக்காளி சிவக்கிற அன்றைக்கே கடிபட்டது. பாசிப்பயறு நெற்றைச் சுண்டெலி உரித்துத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் செடியடியில் குவித்து வைத்திருந்தது. இரண்டாவது வீதியில் கார் ஒயரைக் கடித்து ஒருவருக்குப் பெரிய செலவு வைத்துவிட்டது. அவர்களுடைய கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஏன் இப்போது வருகிறது என்று யாராவது யோசித்தோமா? நம் நகர் இருக்கிற இடம் ஒரு காலத்தில் சோளக்காடு. கிழக்கே பல்லடம் ரோடு வரைக்கும் இன்னும் அங்கங்கே மக்காச்சோளமும் சோளமும் போடுகிறார்கள். தையில் கதிர் அறுத்து, தட்டையும் அறுத்து, காட்டை ஓட்டிவிட்டால் அங்கே வளை போட்டுக் குடும்பம் நடத்திய வயல் எலிக்கும் வெள்ளெலிக்கும் இரையும் இல்லை, மறைவும் இல்லை. அதுகள் வீடு இருக்கிற பக்கம் வருகின்றன. வால் நுனியில் கருப்பு முடிக் குஞ்சத்தோடு போன வாரம் என் கிணற்று மேட்டில் ஓடியதை நீங்கள் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், அது சாக்கடை எலி இல்லை, செம்மண் காட்டு வெள்ளெலி. வருசா வருசம் அறுப்பு முடிந்ததும் இப்படித்தான் வரும். கோடை மழை பெய்து காடு பச்சை கட்டினால் பாதி தானாகக் குறையும். மீதிப் பாதி ஏன் போகாமல் இங்கேயே தங்குகிறது என்பதுதான் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி.

தங்குவதற்குக் காரணம் என் அவரைப் பந்தல் இல்லை. கிழக்கு மூலைக் காலி சைட்டில் தினமும் கொட்டப்படும் மிச்சச் சோறும் கோழி எலும்பும்தான். குப்பை வண்டி வராத நாட்களில் அங்கே பை பையாகக் கிடப்பதையும், மறுநாள் காலையில் ஒவ்வொரு பையிலும் ஓட்டை விழுந்திருப்பதையும் நடைப்பயிற்சிக்குப் போகிற எல்லோரும் பார்க்கிறோம். அப்புறம் அந்த உடைந்த சாக்கடை மூடிகள். இதைச் சரிசெய்யச் சொல்லிச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது வீதிக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மூடிகூட மாறவில்லை. எலி வெயிலில் வீதியில் நடந்தா போகிறது? அந்தச் சாக்கடைக்குள் புகுந்து நகர் முழுக்கப் போய்வருகிறது, உடைந்த இடத்தில் எல்லாம் ஏறி வெளியே வருகிறது.

இரையும் வழியும் அப்படியே இருக்கும்போது மருந்து வைத்து என்ன ஆகும்? கொஞ்சம் சாகும். வீட்டெலிக்கும் சுண்டெலிக்கும் கருத்தரித்து 3 வாரத்தில் குட்டி பிறந்துவிடும், பிழைத்த நாலு எலிக்கு மொத்தச் சாப்பாடும் கிடைக்கும், பக்கத்துக் காட்டிலிருந்து வருவதற்கும் இடம் காலியாக இருக்கும். போன தடவை வைத்தோமே, அப்புறம் எலி இல்லாமலா போயிற்று? அடுத்த வருசம் மறுபடி 350 ரூபாய் கேட்டுத்தானே நிற்கிறீர்கள்.

அந்தக் கேக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. பெரும்பாலும் புரோமடியோலோன் 0.005 சதவீதம் என்று போட்டிருக்கும், போன தடவை வந்த அட்டைப் பெட்டியில் அதுதான் இருந்தது. வைட்டமின் கே வேலையைத் தடுத்து ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து அது. தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரைக்கும் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து, நடக்க முடியாமல், பட்டப்பகலில் வெட்டவெளியில் தடுமாறிக்கொண்டு திரியும். அப்படித் திரிகிற எலியைப் பிடிக்க யாருக்கும் சிரமம் இல்லை. பூனை பிடிக்கும், கீரி பிடிக்கும், காக்காய் கொத்தும், இரவில் ஆந்தை தூக்கும். எலி வயிற்றில் இருக்கிற விஷம் அதோடு போவதில்லை, தின்றதுக்கும் ஏறும்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. வடக்கு வீதிக் கடைசியில் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு ஜோடி கூகை ஆந்தை இருந்தது. முகம் வெள்ளையாக, சத்தம் மட்டும் பயமாக இருக்குமே, அதுதான். அபசகுனம் என்று சிலர் விரட்டச் சொன்னார்கள். நான் அந்தத் தொட்டிக்குக் கீழே போய்ப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் நீளத்துக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கூகை தின்றதில் செரிக்காத முடியும் எலும்பும் அப்படித்தான் கக்கிப் போடும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். எலி மண்டை ஓடுகள், மஞ்சளான முன்பல்லோடு, ஒரே உருண்டையில் ஒன்றுக்கு மேல். தரை முழுக்க அப்படிக் கிடந்தது. நம்மிடம் ஒரு பைசா வாங்காமல் இரவெல்லாம் எலி பிடித்துக்கொண்டிருந்த ஜோடி அது. போன தடவை மருந்து வைத்த அடுத்த வாரம் அதில் ஒன்று தொட்டிக்குக் கீழே இறக்கையை விரித்தபடி செத்துக் கிடந்தது, மற்றதும் அப்புறம் கண்ணில் படவில்லை. மருந்தால்தான் செத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அறுத்துப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் அதே வாரம் முதல் வீதியில் இரண்டு பூனைகள் வாயில் ரத்தத்தோடு செத்தன, அது உங்களுக்கும் தெரியும்.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இதே கூகைக்குப் பெட்டி செய்து வைத்து வளர்க்கிறார்கள், எலியைக் குறைக்கத்தான். நம்மூரிலும் வேளாண்மைத் துறைக்காரர்கள் வயலில் குச்சி நட்டு ஆந்தை உட்கார இடம் செய்யச் சொல்கிறார்கள். தானாக வந்து உட்கார்ந்ததை நாம் கொல்கிறோம்.

பசை அட்டையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கை நடுங்குகிறது. போன தடவை எதிர்வீட்டு மதில்மேல் வைத்த அட்டையில் எலி மாட்டவில்லை. அணில் மாட்டியது. வயிற்றுப் பக்கம் முழுக்க ஒட்டி, ஒரு கன்னமும் ஒட்டி, திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கத்தியது, அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் போனேன். சூரியகாந்தி எண்ணெயைப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் மெதுவாக நெம்பி நெம்பி எடுத்தோம். பின்னங்கால் தோல் அட்டையோடு போய்விட்டது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே தப்பிக்கிற வேகத்தில் அது தன் காலையே கடித்திருந்தது. துணி போட்டு அட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம், பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது. அதே அட்டையில் ஒரு ஓணான் குட்டியும், இரண்டு பல்லியும், ஒரு மூஞ்சூறும் ஏற்கெனவே செத்து ஒட்டியிருந்தன. மூஞ்சூறு எலி இனமே கிடையாது, அது தின்பது கரப்பானையும் பூச்சியையும்.

எலியே மாட்டினாலும் இதுதான் கதி. ஒட்டியபடி பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் கிடந்து சாகும், இல்லையென்றால் உயிரோடு அப்படியே குப்பையில் போடுவார்கள். வீட்டுக்குள் புகுந்த எலியை யாரும் கொல்லவே கூடாது என்று நான் கட்டளை போடவில்லை, ஆனால் இப்படி வதைத்துக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் வலியுறுத்தியதால் வந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையில்லாத வலியைக் கொடுப்பதை 11-வது பிரிவில் குற்றம் என்கிறது. இந்தப் பசை அட்டைகளைத் தடுக்கச் சொல்லி இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சங்கமே காசு வாங்கி வீடு வீடாகக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

குழந்தைகள் விஷயத்தை நீங்கள் யோசிக்கவே இல்லையோ என்று தோன்றுகிறது. கேக் நீலத்திலும் சிவப்பிலும் மிட்டாய் மாதிரி இருக்கிறது, அதைத் திறந்த சாக்கடை ஓரத்தில், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற இடத்தில் வைக்கப் போகிறீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் எத்தனை பேர் கல்லீரலைக் கெடுத்துக் கொன்றது, 2022-ல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்யும் அளவுக்குப் போயிற்று. 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், ஆள் கூட்டி வந்து எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லோரும்தான் படித்தோம், இதே குழுவில்தான் பகிர்ந்தோம்.

எலிக்காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்விதான். அந்தக் கிருமி எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாகக் காலில் இருக்கிற புண்ணிலும் கண், வாய் வழியாகவும் ஏறுகிறது, நாய் மாடு மூலமாகவும் பரவும். அப்படியென்றால் முதலில் செய்ய வேண்டியது தேங்கிய சாக்கடையை ஓடவிடுவது, வெறுங்காலோடு அதில் இறங்காமல் இருப்பது, தோட்ட வேலைக்குக் கையுறை போடுவது. சாக்கடைக்குள் எலிகள் செத்து அழுகினால் காய்ச்சல் குறைந்துவிடுமா?

தோட்டத்தை எடு என்று சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். கிழங்குப் பாத்திக்கு அடியில் கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை விரித்து, நாலு பக்கமும் மேலே ஏற்றியிருக்கிறேன். பெருக்கான் கடைசியாகக் குடைந்தது மெஷ் போடாமல் விட்டிருந்த பாத்தியைத்தான், மெஷ் போட்டதில் இதுவரைக்கும் ஒரு கிழங்கு போகவில்லை. வேலி ஓரம் மெஷ்ஷை மண்ணுக்குள் ஒன்றரை அடி இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும், தோண்டி வருவது அங்கே முட்டித் திரும்பிவிடும். கோழி வலை உதவாது, சுண்டெலி அந்தக் கண்ணுக்குள் லேசாக நுழையும், அதற்குப் பென்சில் போகிற அளவு சந்து இருந்தால் போதும். நைலான் வலையை எலி கடித்துவிடும், அதோடு தொளதொளவென்று தரையில் கிடக்கிற நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கிக்கொள்ளும். போன ஐப்பசியில் ஒரு சாரையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டோம். சாரை எலியைப் பிடித்துத் தின்னும், அதைக் கண்டால் தடியெடுக்காதீர்கள் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மதிலை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்குச் செடி, செங்கல், விறகு எதுவும் வைக்கவில்லை. எலி மறைவிலேயே ஒட்டி ஓடும், வெட்டவெளியைக் கடக்கப் பயப்படும். உரக்குழிக்குப் பதிலாக மூடியுள்ள டிரம், சோறும் கறியும் அதில் போடுவதில்லை. கோழித் தீவனத்தை இருட்டுவதற்கு முன் எடுத்துத் தகர டின்னில் மூடிவிடுகிறோம். உதிர்ந்த கொய்யாவைச் சாயங்காலமே பொறுக்கிவிடுகிறோம், மரத்தில் இருப்பதற்கு முற்றும்போதே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுகிறோம், அணில் மேல்கிளையில் நாலு பழம் தின்றுவிட்டுப் போகும், போகட்டும். குழாய் போகிற ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசியாகிவிட்டது.

தென்னைக்கு எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, செய்ததைத்தான் செய்தேன். காங்கேயம் பக்கம் அவர் தோட்டத்துச் சாளை வீட்டைச் சுற்றி இருந்த அத்தனை தென்னையிலும் ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றேகால் அடி அகலத் தகரம் சுற்றியிருக்கும், வழவழப்பில் எலியால் பிடித்து ஏற முடியாது. பக்கத்து மரத்தின் மட்டை தொடாமல் கழித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கவனம். வேளாண்மைத் துறையும் இதையேதான் சொல்கிறது.

கூண்டும் வைத்திருக்கிறேன், வீட்டுக்குள் புகுந்ததற்கு மட்டும். காலையும் மாலையும் பார்க்காமல் கூண்டை வைப்பதும் வதைதான், வெயிலில் மாட்டினால் அரைப் பொழுது தாங்காது. பிடித்ததை எங்கேயோ கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் பிழைக்காது, குட்டி போட்ட தாயாக இருந்தால் குட்டிகளும் வளைக்குள் பட்டினி கிடந்து சாகும். அதனால் புகுந்த ஓட்டையை அடைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள காட்டிலேயே விட்டுவிடுகிறோம். கூண்டை நம்பி எலியைக் குறைக்க முடியாது, அடைப்பதுதான் வேலை. சத்தம் போடுகிற மெஷின் என்று ஆன்லைனில் விற்கிறதே, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. போவது எனக்குச் சம்மதம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உங்கள் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். “ஏங் கண்ணு, அரசாணிக்காயும் அவரையும் நான் எலிக்கா போட்டேன்? அது ஓரத்துல கடிச்சா வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தக் கொழம்பு வைக்கறேன். பந்தலப் பிரிக்கச் சொல்றவங்க இங்க வந்து எங்கிட்டச் சொல்லட்டும்” என்றார். எண்பதை நெருங்கும் அவருக்கு அந்தப் பந்தல்தான் பொழுது, அதைப் பிரிக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நான் கேட்பது இவைதான். ஞாயிற்றுக்கிழமை மருந்து வைப்பதை நிறுத்துங்கள், பசை அட்டைகளை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், எந்த வீட்டுக்கும் விநியோகம் செய்யாதீர்கள். தோட்டத்தை எடுக்கச் சொன்ன வரியை எழுத்திலேயே வாபஸ் வாங்குங்கள். 120 வீட்டில் 350 என்றால் 42,000 ரூபாய், அந்தப் பணத்தைச் சாக்கடை மூடிகளுக்கும் மூலை சைட்டைச் சுத்தம் செய்து வேலி போடவும் செலவிடுங்கள், என் பங்கை நாளைக்கே கட்டுகிறேன். குப்பை வண்டி தினமும் வர ஊராட்சியில் மனு கொடுங்கள், கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் பேசி, அங்கே கூகைக்கு ஒரு மரப்பெட்டி வைக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள், பெட்டிச் செலவு என்னுடையது. இனி எந்தக் கம்பெனியைக் கூப்பிடுவதாக இருந்தாலும் அவர்களுடைய உரிமத்தையும் மருந்தின் பெயரையும் முன்கூட்டியே பொதுக்குழுவில் வையுங்கள்.

மெஷ் போடவும் தகரம் கட்டவும் தெரியாதவர்கள் சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வரலாம், காட்டித் தருகிறேன். உங்கள் முடிவைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் குழுவில் எழுத்தாகப் போட வேண்டும். மருந்து வைப்பதுதான் முடிவு என்றால் என் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு கேக்கும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், பசை அட்டை பற்றி விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகாரும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
நான்காவது வீதியில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சங்க உறுப்பினர்